இல்லாத படையை ஒப்படைப்பது எப்படி

டோபிக் கடைக்காரர் இன்று காலை மறுபடியும் போன் செய்தார். "அங்கிள், தம்பியோட சட்ட இன்னும் இங்கயேதான் தொங்குது. எடுக்க ஆளே வரல. நம்ம கட சின்ன கட லா." போய் வாங்கிக்கொண்டு வந்தேன். பிளாஸ்டிக் உறையைக் கிழித்ததும் அறை முழுக்கக் கஞ்சி வாசனை. என் மகன் ஜோயலின் ராணுவச் சட்டை. பெயர்ப்பட்டை தைத்திருந்த இடம் மட்டும் வெயில் படாமல் கொஞ்சம் கரும்பச்சையாக இருக்கிறது. பட்டையைப் பிரித்து எடுத்துவிட்டுத்தான் சட்டையை டோபிக்குக் கொடுத்திருக்கிறான். அவன் இனிமேல் இதைப் போடப்போவதில்லை. ஏன் என்று யாரிடமும் சொல்லக்கூடாது என்பது எனக்கு உத்தரவு. என் சிநேகிதன் நீ, போய்ச் சேர்ந்து ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது. உன்னிடம் சொன்னால் தப்பில்லை. உயிரோடு இருந்தபோதே நீ வாயைத் திறந்த ஆள் இல்லை.

இந்த வாசனையை வைத்துத்தான் நீ எனக்குப் பெயரே வைத்தாய். முகாமில் நான் சார்ஜன்ட் மேஜர். கிள்ளானில் சபையார் எல்லாருக்கும் 'ஆர்மி அங்கிள்'. உனக்கு மட்டும் 'கஞ்சி'. லீவில் வந்து நான் வாசலில் இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தால் சைக்கிளை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்ப்பாய். "டேய் கஞ்சி, உன் சட்டைய நிக்க வச்சா அதுவே தனியா பரேட் போயிட்டு வந்துரும்டா. நீ வீட்டுல படுத்துத் தூங்கலாம்." நான் திட்டுவேன். நீ சட்டையின் கையை மட்டும் தொட்டுப் பார்த்துவிட்டுப் போவாய்.

பிரிக்பீல்ட்ஸில் ரயில்வே குவார்ட்டர்ஸில் அடுத்தடுத்த வீட்டில் வளர்ந்தவர்கள் நாம். உங்கள் வீட்டில் விபூதி, எங்கள் வீட்டில் பைபிள், நடுவில் ஒரு மல்லிகைக் கொடி, அவ்வளவுதான் வித்தியாசம். பள்ளி முடிந்ததும் நான் ராணுவத்துக்கு மனுப் போட்டேன். நீ எதற்கும் மனுப் போடவில்லை. உன்னைத் தேடி ஆள் வந்தது. மலாய், ஹொக்கியன் சீனம், தமிழ், எல்லாவற்றையும் அந்தந்த வீட்டுப் பிள்ளை மாதிரி பேசுவாய், அதற்காகத்தான் வந்தார்கள் போல. என்ன வேலை என்று கேட்டவர்களுக்கெல்லாம் உன் அப்பா, "கவர்மெண்ட் வேலை" என்று நெஞ்சை நிமிர்த்திச் சொன்னார். எந்த இலாகா என்று கேட்டால் தண்ணீர் குடிக்க உள்ளே போய்விடுவார். அவருக்கே தெரியாது, பாவம்.

எனக்கும் பல வருடம் கழித்துத்தான் தெரிந்தது. உளவு பார்க்கிற ஓர் அலுவலகம் தனக்கென்று சின்னதாக ஒரு படை வைத்திருந்தது. துப்பாக்கி உண்டு, படகு உண்டு, எல்லைக் காட்டில் ஆள் உண்டு. யூனிபார்ம் கிடையாது, பெயர் கிடையாது. மாட்டிக்கொண்டால் எங்கள் ஆள் இல்லை என்று சொல்லிவிடுவார்கள். அது தெரிந்துதான் நீங்களெல்லாம் போனீர்கள். அந்த அலுவலகத்தின் பெயரை நான் இங்கே எழுதப்போவதில்லை. எழுதினாலும், அதற்கு அப்படி ஒரு படையே இருந்ததில்லை என்றுதான் சொல்வார்கள்.

அந்தக் கூட்டத்தில் நீயும் இன்னொரு பையனும்தான் தமிழ். இரண்டு பேரும் ஆபரேஷன் என்று வாயால் சொல்லக்கூடாது என்பதற்காக 'காரியம்' என்று சொல்லிப் பழகினீர்கள். "ஒரு காரியம் இருக்கு." "காரியம் தள்ளிப்போச்சு." கேட்டுக் கேட்டு மற்றவர்களுக்கும் அது தொற்றி, உங்கள் சீனன் ஒருத்தன் படகில் ஏறும்போதெல்லாம் "காரியாம் ஓகே?" என்று கேட்பானாம். சொல்லிச் சொல்லிச் சிரித்தாய். எங்கள் வீட்டில் ஒருவர் இறந்தால் அடக்கம் என்போம். உங்கள் வீட்டில்தான் அது காரியம். அதனால் நீ அந்தச் சொல்லைச் சொன்னபோது என் காதில் ஒன்றும் உறுத்தவில்லை. உனக்கு உறுத்தியிருக்க வேண்டும். தினமும் வாயில் கிடக்கிற சொல்லை யார் நின்று யோசிக்கிறார்கள்?

உன் பெண்டாட்டி மல்லிகாவிடம் நீ அந்தச் சொல்லைச் சொன்னதே இல்லை. அவளிடம் உனக்கு வேலை போர்ட் கிள்ளானில் ஒரு கிடங்கில், ஸ்டோர் கீப்பர், அடிக்கடி அவுட்ஸ்டேஷன். அவளும் ரொம்பக் கேட்கமாட்டாள். நீ உப்பும் மண்ணும் ஒட்டிய பையோடு வருவாய், அவள் வாளியில் ஊறப்போடுவாள்.

அந்த மத்தியானம் அவள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாளாம். வீட்டுப் போன் அடித்திருக்கிறது. உன்னோடு இருந்த அந்தத் தமிழ்ப் பையன். நீ பத்திரமாகத் திரும்பிவிட்டாய், வர இரண்டு மூன்று நாள் ஆகும் என்று சொல்லத்தான் உன்னிடம் நம்பர் வாங்கிக்கொண்டு கூப்பிட்டிருக்கிறான். நல்ல மனசு. ஆனால் வாய் பழகிய பழக்கம். "அக்கா, நான் அண்ணன் கூட இருக்கிறவன். காரியம் முடிஞ்சிருச்சு. நீங்க ஒண்ணும் யோசிக்காதீங்க, நாங்க இருக்கோம்." அதோடு லைன் கட்.

உன் பெண்டாட்டிக்கு அது எப்படிக் கேட்டிருக்கும் என்று நினைத்துப் பார். புருஷன் செத்து, எங்கேயோ எரித்து, காரியமும் முடித்துவிட்டு, கடைசியாக அவளுக்குச் சொல்கிறார்கள்.

நான் லீவில் இருந்தேன். அவள் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டு மலாய் அம்மாதான் எனக்கு ஆள் அனுப்பினார். போனபோது மல்லிகா ஹாலில் தரையில் உட்கார்ந்திருந்தாள். என் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். "அண்ணே, மொகத்தக்கூட காட்டலையே. காரியமும் முடிச்சிட்டாங்களாம். எனக்குச் சொல்லணும்னுகூட யாருக்கும் தோணலையா?" நான் ஆறுதல் சொல்லவில்லை. அந்த நேரத்தில் எனக்கு ஆறுதல் வராது, வேலைதான் வரும். யாரைக் கேட்பது என்றுதான் யோசித்தேன். அது உங்கள் படகுக் காரியமாக இருக்கலாம் என்று அந்த அழுகைக்கு நடுவே எனக்கு உறைக்கவே இல்லை.

என் பட்டாளத்தில் ஒருவனுக்குக் காயம் என்றால் அவன் வீட்டுக்கு யார் போக வேண்டும், எந்த அதிகாரி கதவைத் தட்ட வேண்டும், பாதிரியாரா, இமாமா, பண்டாரமா, எல்லாம் விதி இருக்கிறது. தப்பான தகவல் வந்தால் ஒரு போனில் சரிபார்த்துவிடலாம். ஆள் பெயர், எண், கம்பெனி சொன்னால் போதும். உனக்கு இதில் எதுவும் இல்லை. என் முகாமுக்குப் போன் போட்டேன். அங்கிருந்து அவர்கள் எங்கெங்கோ கேட்டுவிட்டு மரியாதையாகச் சொன்னார்கள், அப்படி ஓர் ஆள் எங்கேயும் வேலை பார்க்கவில்லையாம். மறுநாள் போர்ட் கிள்ளானுக்கே போனேன். நீ சொன்ன கிடங்கு இருந்தது. உண்மையாகவே அங்கே ஆட்கள் லோரியில் மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். சூப்பர்வைசர் தலையைச் சொறிந்துகொண்டு, "இந்தப் பேருல இங்க யாருமே இருந்ததில்ல பாஸ்" என்றான். நீ செத்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். நீ இருந்ததே இல்லை என்றார்கள்.

செமினியில் இருந்து மல்லிகாவின் அக்கா வந்துவிட்டாள். நல்லவள்தான், ஆனால் முறை என்றால் முறை. "காரியமே முடிஞ்சிருச்சுங்கிறாங்க, அப்புறம் இது கழுத்துல எதுக்கு? தோஷம் பிள்ளைங்களுக்கு வரும்." நான் தடுத்தேன். "கொஞ்சம் பொறுங்க, இன்னும் ஒண்ணும் உறுதியா தெரியல" என்றேன். "எப்ப உறுதியா தெரியும், சொல்லுங்க, அதுவரைக்கும் பொறுக்கிறோம்" என்று திருப்பிக் கேட்டாள். டம்ளரில் பால் ஊற்றி, தாலியைக் கழற்றி அதில் போட்டார்கள்.

அடுத்த நாள் காலையில் நீ வந்தாய். கையில் கெரொப்போக் என்கிற மீன் அப்பளப் பை. கிழக்குக் கரையில் இருந்து வருகிறவன் என்ன வாங்கிக்கொண்டு வருவானோ அதை வாங்கிக்கொண்டு, வெயிலில் கருத்துப்போய், கேட்டில் நின்று சிரித்தாய். முதலில் பார்த்தது அக்காதான். அலறவில்லை. கையை விரித்து வாசலை மறித்துக்கொண்டாள். "முன்பக்கமா வராதீங்க. ஒப்பாரி வச்சாச்சு. பின்னால சுத்தி வாங்க." உனக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனாலும் சொன்னபடி கேட்டாய். பின்லோரோங் சந்தில், சாக்கடை ஓரமாக, பையைத் தூக்கிக்கொண்டு நடந்தாய். நான் உள்ளே ஓடிப்போய்ச் சமையலறைக் கதவைத் திறந்தேன். அடுப்பு மேடையில் அந்த டம்ளர் அப்படியே இருந்தது. பால் திரிந்திருந்தது. நீ எட்டிப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தாய். அந்த முகத்தை நான் மறக்க மாட்டேன்.

சாமி மேடை முன்னால் மறுபடியும் கட்டினாய். அழுது தீர்த்துவிட்டு மல்லிகா உன்னை ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். "இனிமே ஏதாச்சும் ஒண்ணுன்னா நான் யார்கிட்ட கேக்கணும்? ஒரு ஆளு சொல்லுங்க." நீ கெரொப்போக் பையின் முடிச்சை அவிழ்த்துக்கொண்டிருந்தாய். அவள் எழுந்து போய்விட்டாள். அதற்குப் பிறகு ரொம்ப நாள் உன்னிடம் தேவைக்கு மட்டும்தான் பேசினாள்.

அன்றிலிருந்துதான் நமக்குள் அந்த வழக்கு தொடங்கியது. சனிக்கிழமை பிரிக்பீல்ட்ஸில் வாழையிலைக் கடை, பிற்பாடு நீ ஓய்வுபெற்று பங்சாரில் ஒரு கொண்டோ குடியிருப்புக்குக் காவலுக்குப் போனபோது அங்கே உன் பொண்டோக் சாவடியில், எங்கே உட்கார்ந்தாலும் அதே வழக்கு.

"இந்த வேலைய ஆர்மிகிட்ட குடுத்துரணும்டா" என்பாய். "எங்க ஆபீஸ்காரனுக்கு இருக்க வேண்டியது காது. காதுகிட்ட துப்பாக்கியக் குடுத்தா என்னா ஆகும்? கேக்குற வேலைய விட்டுட்டு சுடப் போயிருவான். சுட்டு முடிச்சுட்டு, தான் கேட்டது சரிதான்னு தானே சொல்லிக்குவான். யாரு பாக்குறது?"

"நாங்க பாக்கணுமா?"

"நீங்க பாக்குறீங்களோ இல்லையோ, உங்கள பாக்க ஆள் இருக்கு. உத்தரவு எழுத்துல வரும். தப்பு பண்ணா கோர்ட் மார்ஷல். செத்தா வீட்டுக்கு ஆள் போகும். எங்களுக்கு என்னா? பாஸ் வாயால சொல்வாரு, நாளைக்கு சொல்லவே இல்லைம்பாரு. படகு என்ஜின் பாதிக் கடல்ல நின்னுச்சுன்னா ரிப்பேர் பாக்க ஆள் கெடையாது. நீங்க அத வருஷக்கணக்கா சொல்லிக் குடுத்து வளக்குறீங்க. ஒரே கவர்மெண்ட்டுக்கு ரெண்டு பட்டாளம் எதுக்குடா?"

நான் விடமாட்டேன். நானும் சும்மா இல்லையே, வாழ்நாள் முழுக்க அந்தச் சட்டைக்குள் இருந்தவன். "டேய், நீ சொல்றது எல்லாம் சரி. ஆனா உங்கள ஏன் வச்சிருக்காங்க தெரியுமா? நாளைக்கு, நாங்க செய்யலன்னு சொல்றதுக்கு. அந்த வசதிய எந்தக் கவர்மெண்ட்டும் விடாது. வேலைய எங்ககிட்ட குடுத்தா, அந்த வசதியும் சேந்துதான் வரும். அப்ப எங்க ஆளையும் எங்க ஆள் இல்லைம்பாங்க. உங்களுக்குச் சட்ட கெடைக்கும்னு நீ நெனைக்கிற. எங்க சட்ட கழண்டுரும்டா."

"கழலாது. ஆர்மின்னா ரூல் இருக்கு."

"ரூல் இருக்கிறவன ஏன் ரூல் இல்லாத வேலைக்கு அனுப்பணும்? எல்லையில எங்க பையன் பிடிபட்டா அவன் சிப்பாய். அவனுக்குன்னு ஒரு மரியாத இருக்கு, எதிரிகூட கொடுப்பான். இந்த வேலைக்குன்னு அனுப்பிட்டா, நாளைக்கு பிடிபடுற எல்லா சிப்பாயையும் அவன் ஒளிஞ்சு வந்தவன்னு சொல்லி அடிப்பான்."

நீ அப்பளத்தை உடைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருப்பாய். கடைசியில் எப்போதும் ஒரே இடத்துக்கு வந்துவிடுவாய். "நீ பேசுறதெல்லாம் நாட்டுக்கு சரிடா கஞ்சி. நான் மல்லிகாவுக்குப் பேசுறேன். அவ கேட்டா பதில் சொல்ல ஒரு ஆளு வேணும். அவ்ளோதான்." பில்லை யார் எடுப்பது என்று சண்டை போட்டுவிட்டு எழுந்துவிடுவோம்.

பங்சாரில் நீ வேலைக்குச் சேர்ந்த அன்று போனில் போட்டோ அனுப்பினாய். நீலச் சட்டை, தோளில் பட்டை, நெஞ்சில் உன் பெயர். "கடைசில எனக்கும் ஒரு யூனிபார்ம் கெடச்சிருச்சு பாரு" என்று எழுதியிருந்தாய். நான் பதிலுக்கு ஒரு சல்யூட் படம் அனுப்பினேன். பிறகு ரொம்ப நேரம் அந்தப் போட்டோவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். குப்பை லோரிக்குக் கேட்டைத் திறந்துவிடுவதற்கு உன் பெயரைக் குத்திக்கொள்ளலாம். மற்றதற்கு முடியாது.

கிட்னி போய் நீ டயாலிசிஸுக்குப் போகத் தொடங்கிய சமயத்தில்தான் அந்தப் பேச்சு வெளியே கசிந்தது. ஆயுதம் எடுக்கிற மறைமுக வேலைகளை உளவு அலுவலகத்திடம் இருந்து எடுத்து ராணுவத்திடம் கொடுக்கப்போகிறார்கள் என்று. உன் பழைய ஆட்கள் உனக்குச் சொல்லியிருந்தார்கள். கையில் ஊசி குத்தி, ரத்தம் ஒரு பக்கம் போய் இன்னொரு பக்கம் வந்துகொண்டிருக்க, நீ கல்யாண வீட்டுக்காரன் மாதிரி பேசினாய். "சொன்னேன்ல? சொன்னேன்ல? அப்படியே எங்க யூனிட்டையும் தூக்கி ஆர்மில சேப்பாங்கடா. அப்ப எங்க பேரும் உங்க ரோல் லிஸ்ட்ல வந்துரும்ல?"

"தெரியாதுடா. என்கிட்ட கேக்காத."

"வரும்டா. வந்தா மல்லிகாவக் கூட்டிட்டுப் போயி காட்டணும். இந்தா, இவன்தான் நான்னு."

அந்தக் காத்திருப்பில்தான் கடைசி மாதங்களை ஓட்டினாய். வீட்டுக்கு எப்போது வந்தாலும் முதல் கேள்வி, உங்கள் ஆட்கள் ஏதாவது சொன்னார்களா என்பதுதான். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. நீ போய்விட்டாய்.

உன் சாவுக்கு நான் பெரே தொப்பி போட்டுக்கொண்டு வந்தேன். முன்னாள் ராணுவத்தார் சங்கத்தில் இருந்து எங்கள் ஆட்கள் நாலைந்து பேரும் வந்தார்கள். உனக்காக இல்லை, எனக்காக. பெட்டியின் மேல் கொடி போர்த்தலாமா என்று கேட்டேன். எங்கள் தலைவர் என் காதோடு, "ஆள் சர்வீஸ்ல இருந்ததுக்கு ஒரு ப்ரூஃப் வேணும்லா" என்றார். அவர் மேல் தப்பில்லை. வெள்ளைச் சட்டை போட்ட ஒருவர் வந்தார், பெட்டி பக்கத்தில் கொஞ்ச நேரம் கையைக் கட்டிக்கொண்டு நின்றார், மல்லிகாவுக்கு ஒரு கும்பிடு போட்டார், போய்விட்டார். யார் என்று கேட்க நான் பின்னால் போவதற்குள் கார் கிளம்பிவிட்டது. பண்டாரம் உள்ளேயிருந்து கூப்பிட்டார், "காரியம் யாரு செய்றது? மூத்த பிள்ளை எங்க?" மல்லிகா நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

பதினாறு முடிந்ததும் அவளே வந்தாள். "அண்ணே, எனக்கு வேற எதுவும் வேணாம். இவரு யாருன்னு ஒருத்தர் வந்து எங்க வீட்டு ஹால்ல உக்காந்து சொல்லட்டும். பிள்ளைங்க கேக்கட்டும். அது போதும்." சாகும்போது நீ எனக்கு எதையும் விட்டுவிட்டுப் போகவில்லை, இதை மட்டும் விட்டுவிட்டுப் போனாய். நான் அலைந்தேன். எங்கள் பழைய கர்னல் ஒருவரைப் பிடித்து, அவர் இன்னொருவரைப் பிடித்து, கடைசியில் ஓர் அறையில் எங்களை உட்காரவைத்தார்கள். வந்தவன் ஓர் இளம் அதிகாரி, அவனும் தமிழ்தான், நன்றாகப் படித்தவன், எங்களுக்கு நெஸ்காபி வரவழைத்தான். மல்லிகா சொல்லி முடிக்கிற வரைக்கும் பொறுமையாகக் கேட்டான்.

"ஆன்டி, வேலையெல்லாம் ஆர்மிக்கு மாறிருச்சு, அது உண்மைதான். ஆனா ஆளுங்க மாறல."

"அப்ப பழைய ஆளுங்க?" என்றேன்.

"அங்கிள், நீங்களே சர்வீஸ்ல இருந்தவங்க. ஒப்படைக்கணும்னா மொதல்ல அது இருந்துச்சுன்னு எழுதணும். இல்லாத ஒண்ண எப்படி அங்கிள் ஒப்படைக்கிறது?"

அவன் கிண்டலாகச் சொல்லவில்லை. அதுதான் எனக்கு இன்னும் கோபம். உண்மையாகவே அவன் என்னிடம் வழி கேட்டான். எனக்குத் தெரிந்திருந்தால் எழுதித் தந்திருப்பான் போல. வெளியே வந்து மல்லிகா காரில் உட்கார்ந்து சீட் பெல்ட்டை மாட்டிக்கொண்டு, "சரி விடுங்கண்ணே, போற வழியில பாசார்ல கொஞ்சம் மீன் வாங்கிட்டுப் போயிரலாம்" என்றாள். அதற்கப்புறம் அவள் உன் வேலையைப் பற்றி என்னிடம் பேசியதே இல்லை. பிள்ளைகளிடம் உன்னை ஸ்டோர் கீப்பர் என்றுதான் சொல்கிறாள். கேட்டுக்கொண்டு பக்கத்தில் இருக்கிறேன்.

இப்போது ஜோயல் கதைக்கு வருகிறேன்.

போன மாதம் செமினியில் இருந்து மருமகளோடு வந்தான். சாப்பிட்டு முடித்ததும் ஸ்டூலைப் போட்டு ஏறி, ஹாலில் மாட்டியிருந்த தன் பயிற்சி நிறைவு போட்டோவைக் கழற்றினான். நீயும் நானும் இரண்டு பக்கமும் நிற்க, அவன் நடுவில் வாளோடு நிற்கிற படம். நீ அன்று முகத்தைத் திருப்பிக்கொண்டாயே, கேமரா என்றாலே உனக்கு ஆகாது. "எதுக்குடா எறக்குற?" என்றேன். "யூனிட் மாறிட்டேன் அப்பா" என்றான். எந்த யூனிட் என்று கேட்கவில்லை. அவன் என் கண்ணைப் பார்க்காமல் ஆணியைத் தடவிக்கொண்டிருந்தான். எனக்குப் புரிந்துவிட்டது.

"யாராச்சும் கேட்டா வேற வேலைக்குப் போயிட்டான்னு சொல்லுங்க. லாஜிஸ்டிக்ஸ் கம்பெனின்னு சொல்லுங்க. போர்ட் பக்கம்."

"ஆர்மின்னா ரூல் இருக்கும்டா" என்று என் வாயில் வந்தது. உன் வசனம். எனக்கே ஆச்சரியமாக இருந்தது.

"ரூல் இருக்கு அப்பா. ஆனா எந்த ரூல்னு நான் சொல்லக்கூடாது."

மருமகள் சமையலறையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். குழாயை மூடிவிட்டுக் கேட்டுக்கொண்டிருக்கிறாள் என்று எனக்குத் தெரிந்தது. "அவளுக்கு யாரையாச்சும் காட்டி விட்டிருக்கியா? ஏதாச்சும் ஒண்ணுன்னா யார்கிட்ட கேக்கிறது?" ஜோயல் ஸ்டூலை விட்டு இறங்கினான். "அவங்களே கூப்பிடுவாங்க அப்பா" என்றான்.

நீ ஜெயித்துவிட்டாய்டா. வேலை ராணுவத்துக்கு வந்துவிட்டது. நானும் ஜெயித்துவிட்டேன், சட்டையும் கழன்றுவிட்டது. இரண்டு கிழட்டு வாயும் இத்தனை வருடம் கத்தியதற்கு இரண்டு பக்கமும் சரி என்று தீர்ப்பு வந்திருக்கிறது. உன் பெயர் எங்கள் ரோலுக்கு வரவில்லை. என் பிள்ளையின் பெயர் அதிலிருந்து போய்விட்டது. நீ இருந்திருந்தால் சிரித்திருப்பாயா என்று யோசித்துப் பார்க்கிறேன். மாட்டாய். ஜோயலைத் தூக்கி வளர்த்தவன் நீ.

யாரைத் திட்டுவது என்றுகூடத் தெரியவில்லை. உளவு அலுவலகம் வைத்திருந்தால் ஒருவன் வீட்டில் பால் டம்ளர். ராணுவம் வைத்திருந்தால் வேறொருவன் வீட்டில். யார் கையில் கொடுப்பது என்று பெரியவர்கள் பேசிக்கொண்டே இருப்பார்கள். அந்த வேலையே வேண்டுமா என்று மட்டும் யாரும் கேட்கமாட்டார்கள். நாமும் கேட்கவில்லை, பார்த்தாயா? அத்தனை சனிக்கிழமையில் ஒரு சனிக்கிழமைகூட.

எங்கள் சபையில் ஒரு வழக்கம் உண்டு. காவல் துறையிலும் ராணுவத்திலும் பிள்ளைகள் இருக்கிற பெற்றோர் ஞாயிற்றுக்கிழமை எழுந்து நின்று பிள்ளையின் பெயரைச் சொல்வார்கள், பாஸ்டர் ஒவ்வொரு பெயராகச் சொல்லி ஜெபிப்பார். ஜோயல் சேர்ந்த நாளில் இருந்து நான் ஒரு வாரம் தவறியதில்லை. பெயர், பதவி, எந்த முகாம், எல்லாம் சத்தமாகச் சொல்வேன். பின்வரிசைப் பையன்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும்.

போன ஞாயிறு பாஸ்டர் என்னைப் பார்த்தார். நான் எழுந்து நின்றுவிட்டேன், பழக்கதோஷம். நின்ற பிறகுதான் நினைவு வந்தது. "சொல்லுங்க சார்ஜன்ட் மேஜர்" என்றார். சபையே திரும்பிப் பார்த்தது. மருமகள் என் பக்கத்தில் தலையைக் குனிந்துகொண்டாள்.

"பேர் வேணாம் பாஸ்டர்" என்றேன். "சும்மா ஜெபம் பண்ணுங்க."

அவர் குழம்பிப்போய் மருமகளைப் பார்த்தார். பிறகு கண்ணை மூடி, "ஆண்டவரே, ஒரு குடும்பத்தின் தேவைக்காக" என்று ஆரம்பித்தார். எல்லாரும் ஆமென் சொன்னார்கள். யாருக்காக என்று ஒருவருக்கும் தெரியாது. மருமகள் மட்டும் சொல்லவில்லை. வெளியே வந்து காரில் ஏறும்போது என்னிடம் கேட்டாள், "மாமா, பேரே சொல்லலன்னா சாமிக்கு யாருன்னு தெரியுமா?"

தெரியும்மா என்றேன். அவள் நம்பவில்லை.